அயினி மரம்

குமரி மாவட்டத்தில் வளர்ந்த எனக்குப் புயல் என்பது ரேடியோவில் கேட்கிற ஊர்ப்பெயர்கள்தான். நாகப்பட்டினம், கடலூர், மசூலிப்பட்டினம். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு; பேச்சிப்பாறை அணை நிரம்பும், குழித்துறை ஆற்றில் வெள்ளம் வரும். ஆனால் காற்று நம்மை ஒன்றும் செய்யாது, மலை பார்த்துக்கொள்ளும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நானும் அதையே நம்பினேன். 2017 நவம்பர் 30 வரைக்கும்.

திருவட்டாறு பக்கத்தில் எங்கள் வீடு. பின்புறம் எல்லையை ஒட்டி ஓர் அயினி மரம் நின்றது. தாத்தா காலத்து மரம். அயினித்தடி கதவுக்கும் கட்டிலுக்கும் ஆகும், முன்பு வள்ளம் செய்யவும் அதைத்தான் தேடுவார்கள். மகளுக்குக் கல்யாணம் கூடி வரும்போது வெட்டலாம், நல்ல விலை கிடைக்கும் என்று வைத்திருந்தேன். மரம் சாய்ந்திருந்தது பக்கத்து வீட்டுப் பக்கம். ஓட்டு வீடு. அந்த அண்ணனுக்கு ரப்பர் பால்வெட்டு. வெளுப்பதற்கு முன்னால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினால் முந்நூறு மரம் வெட்டி முடித்துவிட்டுத்தான் வருவார்.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மழைக்காலம் தொடங்கும்போதெல்லாம் வேலிப்பக்கம் வந்து நிற்பார். "தம்பி, மரத்துக்கு அடியில காளான் பூத்திருக்கு பாத்தியா? காத்து அடிச்சா எங்க அடுக்களை மேலயாக்கும் விழும். முழுசா வேண்டாம், இந்தப் பக்கத்துக் கொம்பையாவது வெட்டி விடு."

"நம்ம ஊருல எங்கக்கா அப்படிக் காத்து?" என்பேன். ஒவ்வொரு வருஷமும் இதே பதில்தான். கொம்பை இறக்கினால் தடியின் விலை குறையும் என்று வியாபாரி சொல்லியிருந்தார். அதை அக்காவிடம் சொல்லவில்லை.

நவம்பர் 29 காலையில் இலங்கைக்குத் தென்கிழக்கே வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலை எட்டரை மணிக்குள் கன்னியாகுமரிக்குத் தெற்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் புயலாகிவிட்டது. வங்கதேசம் கொடுத்த பெயர், ஒக்கி. ஒரே நாளில் இவ்வளவும் நடந்தது பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது இரவெல்லாம் விடாத மழையும், விடிந்த பிறகு ரப்பர் தோட்டத்துப் பக்கமிருந்து வந்த சத்தமும்தான். வரிசை வரிசையாக ரப்பர் ஒடிந்துகொண்டிருந்தது. ஏத்தவாழை குலையோடு படுத்தது. மண் ஊறிக் குழைந்து கிடந்ததால் பெரிய மரங்கள் வேரோடு புரண்டன.

அயினி விழுந்தபோது நான் முன்வாசல் கதவை உள்ளிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். தரை அதிர்ந்தது. பின்பக்கம் ஓடிப் பார்த்தால் மரம் நின்ற இடத்தில் வானம் தெரிந்தது. அக்கா சொன்ன இடத்திலேயே விழுந்திருந்தது. மழை என்பதால் அண்ணன் அன்று வெட்டுக்குப் போகவில்லை. அடுக்களையில் இருந்தார். கழுக்கோல் ஒன்று தோளில் இறங்கியிருந்தது.

ரோடெல்லாம் மரம், மின்கம்பம், கம்பி. ஆம்புலன்ஸ் வர வழியில்லை. அவரை ஒரு பெஞ்சில் கிடத்தி நாலுபேர் சுமந்தோம். கிடந்த மரங்களில் ஏறியும் குனிந்தும் கடந்து, ஒரு ஜீப் கிடைத்து, தக்கலை போய், அங்கிருந்து ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி. வழி நெடுக அக்கா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கரண்ட் வராமல் ஊர் இருட்டில் கிடந்த நாட்களில்தான் கடலோரத்துச் செய்தி எங்களுக்கு வந்து சேர்ந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி. ஆழ்கடலுக்குப் போனவர்கள் வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிப்பவர்கள்; செல்போன் எட்டாத தூரம். எச்சரிக்கை வருவதற்கு முன்பே போனவர்களுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வழியில்லாமல் போயிற்று. தேடிப்போகக் கேட்டு ஜனங்கள் டிசம்பர் 7 அன்று குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் திரும்பவே இல்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் மரத்தை அறுக்க ஆள் வந்தது. அடித்தடியில் வாள் நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே சத்தம் மாறியது. அறுக்கிறவர் மெஷினை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். தடியைப் புரட்டினோம். நடுவில் மரமே இல்லை. நாலு விரல் கனத்துக்கு ஓரம் மட்டும் இருந்தது. உள்ளே கறுத்து, காப்பித்தூள் மாதிரி உதிர்ந்தது. கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரை போயிற்று. ஈரமாக, லேசான சூட்டோடு இருந்தது. எடுத்த கையில் எறும்புகள். மர வியாபாரி எட்டிப் பார்த்துவிட்டு, "வெறகுக்குத்தான் ஆவும்" என்றார்.

அடியில் காளான் பூத்தால் உள்ளே உளுத்துவிட்டது என்று அர்த்தம் என்பதை எங்கள் ஊரில் மரம் வெட்டுகிற யாரிடம் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். அக்கா சொல்லவும் செய்தார். கையைத் துடைக்காமல் அங்கேயே நின்றபோது, கடலில் இருந்தவர்களைப் பற்றித்தான் நினைத்தேன். அவர்களுக்குச் சொல்ல வழியில்லை. எனக்கோ வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வருஷாவருஷம் ஒருத்தர் சொன்னார். நான் விலையைக் கணக்குப் போட்டேன். ஊர்க்காற்றின் மேல் எனக்கிருந்த நம்பிக்கை அந்தக் கணக்குக்கு வசதியாக இருந்தது.

ஓட்டுக்கும் கழுக்கோலுக்கும் கொத்தனார் கூலிக்கும் நான் கொடுத்தேன், ஆஸ்பத்திரிச் செலவிலும் பங்கெடுத்தேன். அண்ணன் வாங்கிக்கொண்டார். அவருடைய தோள் சேர்ந்தது, ஆனால் வெட்டுக்கத்தியை இழுக்கிற பலம் வரவில்லை. இப்போது ஒரு கடையில் உட்கார்ந்து பில் எழுதுகிறார். விடியற்காலை எழுந்த பழக்கம் போகவில்லை. இருட்டிலேயே அவர்கள் வீட்டில் விளக்கு எரியும்.

சண்டை ஒன்றும் இல்லை. என் மகள் கல்யாணத்துக்கு இருவரும் முதல்நாளே வந்து காய் நறுக்கினார்கள். ஆனால் மரம் விழுந்ததற்குப் பிறகு இன்றுவரை அக்கா என்னிடம் எதையும் கேட்டதில்லை. போன மழைக்கு எங்கள் பலாமரத்துக் கொம்பு ஒன்று அவர்களுடைய துணி காயும் கொடிக்கு மேலே நீண்டுவிட்டது. கொடியை அவிழ்த்து வேறு பக்கம் கட்டிக்கொண்டார்களே தவிர, சொல்லவில்லை. கொடி இடம் மாறியதைப் பார்த்துத்தான் ஆளைக் கூப்பிட்டுக் கொம்பை இறக்கினேன்.