மர மீனுக்கு முள் மாற்றியவர்

மாமாவின் தகரப்பெட்டியிலிருந்து அந்த மர மீனை எடுத்ததுமே துரு விரலில் ஒட்டியது. ஒரு சாணுக்கும் குறைவான நீளம். பச்சைச் சாயம் உரிந்த முதுகு, தாடைக்குக் கீழே நாக்குபோல ஒரு தகடு, வயிற்றிலும் வாலிலும் மும்முனை முட்கள். பினாங்கில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. இதற்குப் புது முள் போட ஆள் கிடைப்பாரா என்று அறந்தாங்கியில் தூண்டில் விற்கும் கடையொன்றில் கேட்டேன். "ஜெகதாப்பட்டினம் போய்ப் பாருங்க" என்றார்கள்.

போனது மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2017க்கு முன்பு இது 45 நாள்தான். விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசியபடி கட்டிக் கிடந்தன. கடலுக்குப் போய்வந்தவை நாட்டுப்படகுகள் மட்டும்.

பூவரசு நிழலில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார் ஒரு பெரியவர். எதிரே ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய கணவாய்த் தூண்டில்கள். இறால் வடிவப் பொம்மையின் வாலில் ஊசிக் கிரீடம் வைத்தது போல இருக்கும். அந்த ஊசிகளுக்கு எதிர்முள் கிடையாது. கணவாய் வாயால் கவ்வுவதில்லை, கைகளால் அணைத்துக்கொள்ளும். அதற்கு வழுக்கு ஊசியே போதும். வளைந்த ஊசிகளைக் குறடால் நிமிர்த்திக்கொண்டே என் மர மீனை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"விக்கப் போறீங்களா தம்பி, கடல்ல போடப் போறீங்களா?"

கேட்க வேண்டிய கேள்விதான். அமெரிக்காவில் ஹெட்டன் போன்ற பழைய நிறுவனங்களின் மர மீன்களைச் சேகரிப்பவர்கள் துருப்பிடித்த முள்ளைக்கூடக் கழற்ற விடமாட்டார்கள். முள் மாறினால் விலை இறங்கும். அதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"போடத்தான் ஐயா."

"அப்ப துருவுக்கு என்ன மரியாதை?"

முள்ளைத் தாங்கும் திருகு வளையத்தை மரத்திலிருந்து கழற்றிவிடலாமே என்றேன். தலையை ஆட்டினார். பழைய மரத்தில் திருகைத் திருப்பினால் பிளக்கும். பிளந்த இடத்தில் உப்புத் தண்ணீர் ஏறி மரம் ஊதும். அதனால் வளையத்தைத் தொடாமல், முள்ளின் காதை மட்டும் கட்டிங் பிளையரால் நறுக்கினார். மூடிய வளையத்தில் புது முள்ளை எப்படிக் கோப்பது? சாவிக்கொத்து வளையம் போலவே இரண்டு சுற்றுள்ள குட்டி வளையம் வைத்திருந்தார். அதன் வாயை நகத்தால் நெம்பி ஒரு பக்கம் மர மீனையும் மறுபக்கம் முள்ளையும் மாட்டினார்.

முள்ளைத் தேர்ந்தெடுப்பதற்குத்தான் அதிக நேரம் ஆனது. நம்பர் ஏற ஏற முள் சிறுக்கும்; ஒன்றாம் நம்பரைத் தாண்டினால் கணக்கு தலைகீழாகி 1/0, 2/0 என்று பெருக்கும். முதலில் பழைய அளவையே போட்டார். குட்டி வளையம் சேர்ந்ததால் முள் கூடுதலாகத் தொங்கி, வயிற்று முள்ளும் வால் முள்ளும் ஒன்றையொன்று கொத்திக்கொண்டன. ஒரு அளவு சிறியதை மாட்டினார். பக்கத்து வாளியில் கடல் தண்ணீர் இருந்தது. மிதக்க விட்டார். வால் கொஞ்சம் அமிழ்ந்தது. வால் முள்ளை மட்டும் இன்னும் மெல்லிய கம்பியில் செய்ததாக மாற்றியதும் மீன் சமமாக மிதந்தது.

"குளத்துல போட்டா இன்னும் அமுங்கும். உப்புத் தண்ணிதான் தூக்கிப் பிடிக்கும்."

மஸ்டாட் முட்களைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்த நார்வே நிறுவனம் 1877இல் இயந்திரத்தில் முள் செய்யத் தொடங்கியது. துருப்பிடிக்காத எஃகு முள் ஏன் போடவில்லை என்று கேட்டேன். தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு ஓடிய மீனின் வாயில் அது கிடந்து உறுத்தும், வெள்ளீயம் பூசியது துருவேறி விழுந்துவிடும் என்றார். சற்றுமுன் துருவுக்கு என்ன மரியாதை என்று கேட்டவரும் இவரே.

அடுத்து நரம்பு. மூக்கு வளையத்தில் நான் இறுக்கமாக முடிச்சுப் போட்டுக் காட்டினேன். பெரியவர் தண்ணீரில் இழுத்தார். மர மீன் குச்சிபோல நேராக வந்தது. அவிழ்த்து, சின்ன விரல் நுழையும் அளவு கண்ணி விட்டுக் கட்டினார். இப்போது தலையை இருபக்கமும் ஆட்டி, அடிபட்ட மீன் போலத் தத்தளித்து வந்தது. ஃபின்லாந்தின் லௌரி ரபாலா 1936இல் தக்கையைச் செதுக்கிப் பொய் மீன் செய்து பார்த்ததும் இந்தத் தள்ளாட்டத்துக்காகத்தான். நலமாக நீந்தும் மீனைவிட நொண்டும் மீன்மேல்தான் வஞ்சிரமும் சீலாவும் முதலில் பாயும்.

முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டார். உலர்ந்த நரம்பு உரசிச் சூடாகிப் பலம் இழக்கும். நரம்பு முறுக்காமல் சுழலும் ஸ்விவலை மூக்கில் மாட்டாமல் ஒரு பாகம், அதாவது இரு கை விரித்த நீளம், தள்ளி மேலே வைத்தார். பல்லுள்ள மீனுக்காக இடையில் முறுக்கிய கம்பி. எல்லாவற்றிலும் பலவீனமானது எது என்று கேட்டேன்.

"வால் முள்ளு. வேணும்னே அப்படி வச்சேன். பாறையில மாட்டுனா முள்ளு நிமிரணும், உங்க மாமா மீனு திரும்பி வரணும்."

படகின் பக்கவாட்டில் கட்டியிருந்த டயரில் வால் முள்ளைக் கொத்தவிட்டு, துணி சுற்றிய கையால் இழுக்கச் சொன்னார். இழுத்தேன். முள்ளின் ஒரு முனை மெல்ல நிமிர்ந்தது; மர மீன் என்னிடம் வந்தது. கூலியாக 100 ரூபாய் கேட்டார், வால் முள்ளுக்கு மாற்றாக இரண்டு முட்களும் கொடுத்தார்.

புறப்படும் முன், மூக்குக் கண்ணியை அவிழ்த்து நானே ஒருமுறை கட்டி, மீதமிருந்த முனைகளில் ஒன்றை டயரில் கொத்தவிட்டு இழுத்தேன். முடிச்சு நழுவி வெறும் நரம்பு கையோடு வந்தது. மர மீன் டயரிலேயே தொங்கியது.