வரியாக வரும் என்று நம்பாதே

களம்பூரில், கீழே தறி ஓடும் வீட்டின் மாடியில் உட்கார்ந்து சி மொழி பழகுகிறேன். கற்றுத்தருபவர் பெரியப்பா மகன். சென்னையில் புரோகிராமராக இருந்துவிட்டு ஊரோடு வந்தவர். ஜக்கார்டு டிசைன் கோப்பைச் சரிபார்க்கும் புரோகிராம் ஒன்று எங்கள் கையில் இருக்கிறது. அதிலுள்ள பழைய லைப்ரரி, கண்ட குறையையெல்லாம் பிரிண்ட்எஃப் வழியாகத் திரையில் கொட்டும். எங்களுக்கோ ஒவ்வொரு குறையும் நேரத்தோடு பதிவாக வேண்டும்.

“லைப்ரரியில கை வைக்காதடா. அது எழுதுற இடத்தை மாத்து” என்றார் அண்ணன்.

தறியிலும் அப்படித்தான். நாடா அதேதான், உள்ளிருக்கும் தாரை மாற்றினால் ஊடையின் நிறம் மாறிவிடும். லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியில் அந்த வேலையைச் செய்வது எஃப்ஓப்பன்குக்கி. படிக்க, எழுத, இடம் நகர்த்த, மூட என்று நான்கு ஃபங்ஷன்களை நாமே எழுதித் தரலாம், வேண்டாததை விட்டுவிடலாம். நம் தகவலைச் சுமக்கும் சுட்டிதான் ‘குக்கி’. கிடைப்பது வழக்கமான ஸ்ட்ரீம். அதை, பிரிண்ட்எஃப் எழுதும் எஸ்டிடிஅவுட்டில் வைத்தால், எழுதுவதெல்லாம் நம்மிடமே வந்து சேரும். இப்படி வைக்க ஜிலிப்சி இடம் தருகிறது. சி தரநிலை உறுதி தருவதில்லை.

முதல் பாடமாக, எழுதும் ஃபங்ஷனுக்கு எத்தனை பைட் வருகிறது என்பதை மட்டும் எஸ்டிடிஎர்ரில் காட்டச் சொன்னார். பல செய்திகள் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டாக வந்தன. ஒரு வரி பாதியில் அறுந்து அடுத்த கட்டில் தொடர்ந்தது. முடிவில் பூஜ்ய பைட்டும் கிடையாது. பஃபர் நிரம்பும்போதும் ஃப்ளஷ் செய்யும்போதும்தான் ஜிலிப்சி நம்மை அழைக்கிறது. அதனால் முழு வரிகளைப் பதிந்துவிட்டு, மிச்சத்தைக் குக்கியில் வைத்திருந்து, மூடும்போது தீர்க்க வேண்டும். வாங்கிக்கொண்ட பைட்டுகளின் எண்ணிக்கையைத் திருப்பித் தர வேண்டும். பிழையென்றால் பூஜ்யம், எதிர்ம எண் கூடவே கூடாது.

இந்த வித்தைக்கு எல்லை உண்டு. ரைட் என்ற சிஸ்டம் கால் நேரடியாக எழுதுவதும், நாம் கிளப்பிவிடும் வேறு புரோகிராம் எழுதுவதும் இதில் சிக்காது. அவற்றுக்குத் தெரிந்தது 1 என்ற டிஸ்கிரிப்டர் எண் மட்டுமே. அங்கே பைப்பும் டப்2-வும் வேண்டும். மேக், பிஎஸ்டி பக்கம் இதே வேலைக்கு ஃபன்ஓப்பன். எழுத்தை நினைவகத்தில் சேர்த்தால் போதுமென்றால், 2008 போசிக்ஸ் தரநிலையில் வந்த ஓப்பன்_மெம்ஸ்ட்ரீம் இருக்கிறது.

இப்போது நான் எழுதும் ஃபங்ஷன்கள் ஸ்ட்ரீமை வெளியிலிருந்தே வாங்கிக்கொள்கின்றன. எங்கே எழுதுவது என்பது அழைப்பவர் பாடு.