‘நல்லா இருக்கேம்மா!’ - கடல் கடந்த ஒரு பொய்யின் கதை

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளின் பெட்டியில் முதலில் இடம்பிடிப்பது பருப்புப் பொடியும் ஊறுகாயும்தான். ஜெர்மனிக்குப் போகிறவர்கள் நெய்யை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் பயணிகள் பால், இறைச்சிப் பொருள்களைக் கொண்டுவர அனுமதி இல்லை. நெய் இல்லாத பொடி சாதம் பெரிய துன்பமா என்று கேட்கலாம். ஊர் ஏக்கம் இந்த மாதிரி சின்னச் சின்ன விஷயங்களில்தான் தொடங்குகிறது.

திருச்சியிலிருந்து ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரத்துக்கு மேற்படிப்புக்காகப் போன மாணவி ஒருத்திக்கு, முதல் மாதம் ஏக்கமே வரவில்லை. அக்டோபரில் வகுப்புகள் தொடங்கின. டிராம் புதுசு. மஞ்சளாக மாறிய மரங்கள் புதுசு. நகரின் நடுவே நிற்கும் கார்ல் மார்க்ஸின் பிரமாண்ட வெண்கலத் தலை புதுசு. காலி பாட்டிலை மெஷினில் போட்டால் 25 சென்ட் திரும்பக் கிடைப்பதைக்கூட வீடியோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள்.

கடிகாரம் செய்த வேலை

அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். இந்தியாவுடன் மூன்றரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் நாலரை ஆகிவிடும். மாலை 6 மணிக்கு வகுப்பு முடிந்து வெளியே வந்தால், திருச்சியில் இரவு 10.30. அப்பா தூங்கியிருப்பார். அம்மா தூக்கக் கலக்கத்தோடு போனை எடுப்பார்.

டிசம்பர் வந்ததும் 4 மணி வாக்கிலேயே இருட்டத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை கடைகளும் கிடையாது. சனிக்கிழமை வாங்க மறந்தால், மறுநாள் மிச்சமிருக்கும் ரொட்டிதான்.

“சாப்பிட்டியா கண்ணு?”

“சாப்பிட்டேம்மா. நல்லா இருக்கேன்.”

அன்று அவள் அடுப்பே பற்றவைக்கவில்லை. ஆனால், அதைச் சொல்ல மனசு வரவில்லை. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை என்றாலும், விசாவுக்காக ஒரு வருடச் செலவுத் தொகையைத் தனிக் கணக்கில் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. வீட்டை அடமானம் வைத்து அதைப் புரட்டிய அப்பாவிடம், ‘எனக்கு இங்கே பிடிக்கலை’ என்று எப்படிச் சொல்வது?

ஞாயிறு முழுக்க வீடியோ கால் ஓடிக்கொண்டே இருக்கும். அம்மா ரசத்துக்குத் தாளிப்பதை அவள் போர்வைக்குள் இருந்து பார்ப்பாள். உடன் படிப்பவர்கள் வெளியே கூப்பிட்டால் தலைவலி என்பாள்.

340 வருடத்து ஏக்கம்

இந்த வேதனைக்கு வயது அதிகம். 1688-ல் ஸ்விட்சர்லாந்தின் பாஸல் நகரில் ஜோகன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊர் ஏக்கத்தை ஒரு நோயாகவே ஆராய்ந்து அதற்கு ‘நாஸ்டால்ஜியா’ என்று பெயர் வைத்தார். அவர் குறிப்பிட்டவர்களில் பெர்ன் நகரிலிருந்து பாஸலுக்குப் படிக்க வந்த ஒரு மாணவரும் உண்டு. படுத்த படுக்கையாகக் கிடந்தவர், ஊருக்குத் திருப்பி அனுப்பியதும் வழியிலேயே தேறிவிட்டாராம். இரண்டு ஊருக்கும் நடுவே 100 கிலோமீட்டர்கூட இல்லை!

நார்வேயின் சமூகவியலாளர் லிஸ்கார்டு, அமெரிக்கா போய் வந்த தன் நாட்டினரை ஆராய்ந்து 1955-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 6 முதல் 18 மாதங்கள் வரை தங்கியவர்களே அதிகம் தடுமாறியிருந்தார்கள். அதற்குக் குறைவாகத் தங்கியவர்களும் அதிகமாகத் தங்கியவர்களும் அவ்வளவு தடுமாறவில்லை. முதல் மாதச் சிரிப்பை வைத்து ‘பிள்ளை செட்டில் ஆயிட்டா’ என்று முடிவு கட்ட முடியாது.

வெண்ணெய் உருகிய வாசம்

பிப்ரவரியில் ஒருநாள், சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய வெண்ணெயை விடுதியின் பொதுச் சமையலறையில் உருக்கினாள். நெய் வாசம் நடைவழி முழுக்கப் பரவியது. என்ன வாசம் என்று பார்க்க வந்தாள், ஹனோயிலிருந்து வந்திருந்த பக்கத்து அறைப் பெண். இருவரும் பொடி சாதம் சாப்பிட்டார்கள். வியட்நாமிலும் ‘சாப்பிட்டாச்சா?’ என்பதுதான் நலம் விசாரிக்கும் கேள்வி என்று அன்றுதான் தெரிந்தது. மறுநாளிலிருந்து அந்தப் பெண் கதவைத் தட்டி அதையே கேட்கத் தொடங்கினாள். அவளிடம் பொய் சொல்ல முடியாது. காலிப் பாத்திரம் அவள் கண்ணெதிரிலேயே இருக்கிறதே!

அந்த வாரமே அம்மாவிடம் உண்மையைச் சொன்னாள். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு அம்மா, “அப்பாவுக்கு சுகர் 300-க்கு மேல போயிடுச்சு. நீ பயப்படுவேன்னு நானும் சொல்லலடி” என்றார். இரண்டு பக்கமும் பாசத்தால் சொன்ன பொய்கள்தான் இரண்டு பேரையும் தனியாக வைத்திருந்தன.

பெற்றோர் என்ன கேட்கலாம்?

‘நல்லா இருக்கியா?’ என்று கேட்டால், ‘நல்லா இருக்கேன்’ என்றுதான் பதில் வரும். ‘இன்னிக்கு யார்கூட சாப்பிட்டே? வகுப்புல யார்கிட்ட பேசினே?’ என்று கேட்டுப் பாருங்கள். பல வாரங்களாக ‘யாருமில்லை’ என்றே பதில் வந்தால், தூக்கமும் வகுப்பும் தவறத் தொடங்கினால், கவனிக்க வேண்டிய நேரம் அது. ஜெர்மனியில் மாணவர் நலச் சேவை அமைப்புகள் மனநல ஆலோசனை வழங்குகின்றன. பெரும்பாலும் கட்டணம் கிடையாது. அங்கே போகச் சொல்லுங்கள். கடனைப் பற்றி அன்றைக்குப் பேசாதீர்கள்.

இப்போது அவர்கள் வீட்டில் வாரம் ஒரு நீண்ட அழைப்புதான். குளிர்காலத்தில் ஞாயிறு காலை 11 மணி. திருச்சியில் பிற்பகல் 3.30, அப்பா சர்க்கரை இல்லாத டீ குடிக்கும் நேரம். முதலில் அவர் தன் சுகர் அளவைச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் மகள் தன் வாரத்தைச் சொல்வாள்.