காப்புறுதிப் பணமும் பிள்ளைகளின் பங்கும்

“சம்பளச் சீட்டே இல்லாத மனுஷர்கிட்ட இருந்து பிள்ளைங்க காசை எப்படிங்க வாங்குறது?” குடும்பப் பிரச்சினைகளை வானொலியில் பேசும் வாரங்களில், நிகழ்ச்சி முடிந்த பிறகு வரும் அழைப்புகளில் இந்தக் கேள்வி கட்டாயம் இருக்கும். கேட்பவர்கள் பெரும்பாலும் பெயர் சொல்வதில்லை. எனக்கு இது வெளியார் கேள்வியும் அல்ல. ஆயர் தாவாரில் இருக்கும் என் பெரியம்மா மகள் பல வருடங்களாக இதே கேள்வியோடுதான் வாழ்கிறார்.

அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். விவாகரத்தின்போது மாதம் 500 ரிங்கிட் பராமரிப்புத் தொகை கட்டும்படி நீதிமன்றம் ஆணையிட்டது. அத்தான் ஏழு மாதம் கட்டினார், பிறகு நிறுத்திவிட்டார். லோரி ஓட்டுகிறார், ஆனால் ஒரே முதலாளியிடம் இல்லை. செம்பனைக் குலை ஏற்றினால் அன்றைக்குக் கூலி, அதுவும் கையில். அக்கா பள்ளிக் கேண்டினில் வேலை செய்து சமாளித்தார்.

நம் சட்டம் இந்த விஷயத்தில் மௌனமாக இல்லை. 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டப்படி பிள்ளைக்கு 18 வயதாகும் வரை பராமரிப்பு உண்டு. 2018 டிசம்பரில் அமலுக்கு வந்த திருத்தம், மேற்படிப்பு முடியும் வரை அதை நீட்டித்தது. கட்டாத தொகை கடனாகவே கருதப்படும். 1968-ஆம் ஆண்டின் இன்னொரு சட்டத்தின்கீழ், முதலாளியே சம்பளத்தில் பிடித்துக் கட்டும்படி நீதிமன்றம் ஆணையிட முடியும். ஆனால் பிடிப்பதற்குச் சம்பளம் என்று ஒன்று இருக்க வேண்டுமே! அக்காவின் வழக்கு அங்கேதான் நின்றது.

பிறகு அத்தான் சாலை விபத்தில் சிக்கினார். கால் எலும்பு முறிந்தது. மோதிய வாகனத்தின் காப்புறுதி நிறுவனம் நஷ்டஈடு கொடுத்தது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பெரிய தொகை, அவருடைய அடையாள அட்டை எண்ணோடு, ஓர் அலுவலகத்தின் வழியாக அவர் கைக்கு வந்தது. பாசாரில் யாரோ சொல்லி அக்காவுக்குத் தெரியவந்தபோது, பழைய கடன்கள் போக மிச்சம் ஒரு மைவி காருக்கு முன்பணமாகப் போயிருந்தது.

முன்கூட்டியே தெரிந்திருந்தால் வழி இருந்திருக்கும். கடனாளிக்கு வர வேண்டிய பணத்தை, அதைத் தர வேண்டியவரிடமிருந்தே பெற்றுத் தரும்படி நீதிமன்றத்தில் மனு போடலாம். வழக்கறிஞர்கள் இதைக் கார்னிஷி என்பார்கள். ஆனால் எந்த நிறுவனம், எவ்வளவு, எப்போது என்பதை அந்தத் தாய்தான் கண்டுபிடிக்க வேண்டும். கேண்டினில் வேலை செய்பவர் எங்கே போய் விசாரிப்பார்?

அமெரிக்காவில் இந்தத் தேடும் வேலையை அரசாங்கம் எடுத்துக்கொண்டிருக்கிறது. 2006-ஆம் ஆண்டு நிறைவேறிய ஒரு கூட்டாட்சிச் சட்டம், பராமரிப்புத் தொகை பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலைக் காப்புறுதிக் கோரிக்கைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வழி செய்தது. பெயர் பொருந்தினால், பணம் கைமாறும் முன்பே மாநில அலுவலகம் தலையிடலாம். நியூ ஜெர்சி மாநிலத்தில், நிகரத் தொகை 2,000 டாலரைத் தாண்டினால், பாக்கி ஏதும் இருக்கிறதா என்று தேடிப் பார்க்காமல் நஷ்டஈட்டைப் பட்டுவாடா செய்யக்கூடாது.

அடிபட்டவர் பணத்திலா கை வைப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனால்தான் அங்கே மருத்துவச் செலவும் வழக்கறிஞர் கட்டணமும் போக மீதியைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். அத்தானின் கால் குணமாக வேண்டும் என்பதில் அக்காவுக்கும் மாற்றுக் கருத்தில்லை. கார் வாங்கும் முன் பிள்ளைகளின் கணக்கைப் பார்த்திருக்கலாமே என்பதுதான் அவர் வருத்தம்.

இங்கே அப்படி ஓர் ஏற்பாடு வரும்வரை, தாய்மார்கள் மூன்று விஷயங்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதலாவது, காலக்கெடு. வழக்குப் போடும் நாளிலிருந்து பின்னோக்கி மூன்று வருட பாக்கியைத்தான் கேட்டு வாங்க முடியும். அக்கா சட்ட உதவி தேடிப் போனபோது பாக்கி 58 மாதம், அதாவது 29,000 ரிங்கிட். அதில் 36 மாதத்துக்கான 18,000 ரிங்கிட்டைத்தான் கேட்க முடிந்தது. “மனசு மாறிக் கட்டுவாரு” என்று காத்திருந்ததில் பிள்ளைகளின் 11,000 ரிங்கிட் போய்விட்டது.

இரண்டாவது, ஆயுள் காப்புறுதியின் நாமினி. 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி, முஸ்லிம் அல்லாத ஒருவர் மனைவியையோ பிள்ளையையோ நாமினியாகப் போட்டால், அந்தப் பணம் அவர்களுக்கான அறக்கட்டளைப் பணமாகிவிடும். அவர் வைத்துவிட்டுப் போன கடனுக்காக யாரும் அதைத் தொட முடியாது. அண்ணன் தம்பியைப் போட்டிருந்தால், அவர்கள் அதை வாங்கிப் பங்கிட்டுக் கொடுப்பவர்கள் மட்டுமே. அந்தப் பணம் இறந்தவரின் சொத்தில் சேரும், பராமரிப்பு பாக்கியை அந்தச் சொத்திலிருந்து கடனாகக் கேட்கலாம். ஆகவே விவாகரத்து ஒப்பந்தம் பேசும்போதே, இருக்கும் பாலிசிகளில் பிள்ளைகளின் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாவது, சொக்சோ. சந்தா கட்டிய அப்பா வேலை விபத்தில் இறந்தால், திருமணமாகாத, 21 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சார்ந்தோர் உதவித்தொகையில் பங்கு உண்டு. மணவிலக்கு அந்தப் பங்கை அழிக்காது. முன்னாள் மனைவிக்கு விதவை என்ற முறையில் பங்கு இல்லை, பிள்ளைக்காக விண்ணப்பிக்கலாம்.

முஸ்லிம் தாய்மார்களுக்கு ஷரியா நீதித்துறையில் குடும்ப ஆதரவுப் பிரிவு இருக்கிறது. நீதிமன்ற ஆணையை நிறைவேற்ற உதவுகிறது, இடைக்கால உதவித்தொகையும் தருகிறது. நம் பெண்களுக்கு அப்படி ஓர் அலுவலகம் இல்லை. பாக்கிப் பட்டியலை வைத்துக்கொண்டு, காப்புறுதி நிறுவனங்களிடம் கேள்வி கேட்கும் அதிகாரமுள்ள ஓர் அலுவலகம் போதும். தேர்தல் நேரத்தில் வாசலுக்கு வருகிறவர்களிடம் கோயிலுக்கும் பள்ளிக்கும் மானியம் கேட்கிறோம். அடுத்த முறை இதையும் சேர்த்துக் கேட்போம்.