ரப்பரா, பாலியூரித்தேனா?

மோட்டார் வண்டியின் அடிப்புறத்தைக் குனிந்து நோக்கியவர் பலர் இருக்கலாம். ஆங்கே 'புஷ்' எனப்படும் சிறு உருளையைக் கவனித்தவர் மிகச் சிலரே. சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை வண்டியின் சட்டத்தோடு இணையும் இடந்தோறும், இரும்போடு இரும்பு மோதாதவாறு நடுவிலே அமர்ந்திருப்பது இதுவே. கை மேலும் கீழும் அசைய இடங்கொடுக்க வேண்டும். முன்னும் பின்னும் நழுவ விடலாகாது. சாலையின் அதிர்ச்சியையும் ஓரளவு தானே விழுங்கிக்கொள்ள வேண்டும். ஒன்றோடொன்று முரணும் இம்மூன்று கடமைகளையும் கைக்குள் அடங்கும் ஒரு பொருளின்மீது சுமத்தியிருக்கிறோம்.

நாம் இங்கிலாந்து நாட்டில் தங்கியிருந்த காலத்தில், ஆபிங்டன் நகருக்கு அருகே வாழ்ந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் நமக்கு நண்பரானார். அவரிடம் 1971-ஆம் ஆண்டின் எம்.ஜி.பி. கார் ஒன்று இருந்தது. 1962 முதல் 1980 வரை அந்த ஆபிங்டன் நகரிலேயே ஐந்து இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்ட, இருவர் அமரும் விளையாட்டுக் கார் அது. மணமான ஆண்டிலேயே அதை வாங்கினாராம். தேன்நிலவுப் பயணமும், பிள்ளையைப் பார்க்கச் சென்ற பயணங்களும் அதிலேதான். ஆனால் இப்போது துணைவியாரின் முதுகெலும்பு தேய்ந்துவிட்டது, வண்டியும் தளர்ந்துவிட்டது. பிரேக்கை மிதித்தால் இடப்புறம் இழுத்தது, நேர்ச்சாலையிலும் தடுமாறிற்று. "அவள் ஏற முடியாத வண்டி எனக்கெதற்கு, ஃபாதர்? இந்தக் கோடைக்குள் சரியாகாவிட்டால் விற்றுவிடப் போகிறேன்" என்றார். சொன்ன குரலில் விளையாட்டு இல்லை.

இளமை முதலே இயந்திரங்களின்பால் நமக்கு ஓர் ஈர்ப்பு உண்டு. ஆகவே ஓய்வு நாள்களில் அவருடைய கொட்டகையில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் துணையாளாகச் சேர்ந்துகொண்டோம்.

ஈண்டு ஒரு செய்தியைக் குறிப்பிட வேண்டும். அந்நாட்டில் 40 ஆண்டு கடந்த வண்டிகள், பெரிய மாற்றங்கள் செய்யப்படாதவையாயின், 2018 மே முதல் ஆண்டுச் சோதனைக்குக் கட்டாயமாகச் செல்ல வேண்டியதில்லை. சலுகைதான், எனினும் தேய்ந்த புஷ்ஷைக் கண்டு 'இது தகாது' என்று சொல்லப் பிறர் ஒருவரும் இல்லாமற்போகிறார். உரிமையாளரே நீதிபதியாகவும் குற்றவாளியாகவும் நிற்க வேண்டியதுதான். எனவே முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, கீழ்க்கைக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் இடையே கடப்பாறையை நுழைத்து மெல்ல நெம்பிப் பார்த்தோம். கை ஆடிற்று. ரப்பர் ஒருபுறம் நசுங்கி, மறுபுறம் வெடித்து, இன்ஜின் எண்ணெய் சொட்டிச் சொட்டிக் களிம்பாகியிருந்தது. இத்தகைய வண்டிகளில் கிங்பின் தேய்மானமும் இதே நோய்க்குறியைக் காட்டும். ஆதலால் அதையும் சோதித்தோம்; நண்பர் ஏறத்தாழ 3,000 மைலுக்கு ஒருமுறை தவறாமல் கிரீஸ் ஏற்றி வந்தவராதலால் அது செம்மையாகவே இருந்தது.

பழைய புஷ் ரப்பரால் ஆனது. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதிப்படுத்தும் முறையைச் சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்தார். கன்னியாகுமரி மாவட்டத்து வாசகர்களுக்கு அதன் பாலையும் மணத்தையும் நாம் விளக்க வேண்டியதில்லை. நல்ல ரப்பர் புஷ்ஷில், உள்ளே ஓர் எஃகுக் குழலும் வெளியே ஓர் எஃகுக் குழலும் இருக்க, இடையிலுள்ள ரப்பர் இரண்டோடும் ஒட்டிப்போயிருக்கும். கை அசையும்போது எதுவும் வழுக்குவதில்லை. ரப்பரே முறுகி, மீண்டும் தன் நிலைக்குத் திரும்புகிறது. உராய்வு இல்லை, கிரீஸ் வேண்டா, ஓசையும் இல்லை. எண்ணெயும் வெயிலும் வயதும்தாம் அதற்குப் பகை.

பாலியூரித்தேனோ 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவருடைய துணைவர்களும் கண்ட பொருள். நம் வீட்டுப் பஞ்சு மெத்தையும், குளிர்ப்பெட்டியின் சுவருக்குள் உள்ள நுரையும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. புஷ்ஷாக வார்க்கும்போது அது கெட்டியாகிறது. கெட்டித்தன்மையை 'ஷோர் ஏ' என்னும் அளவால் குறிப்பர். ரப்பர் புஷ் பெரும்பாலும் 50 முதல் 70 வரை நிற்கும். பாலியூரித்தேன் சாலைக்கென்று 80 அளவிலும், பந்தயத்துக்கென்று 95 அளவிலும் கிடைக்கிறது. நிறத்தைக் கண்டு கெட்டியை ஊகிப்பது ஆகாது. நிறங்களின் பொருள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எண்ணெய் அதனை எளிதில் அழிப்பதில்லை. அழுத்து இயந்திரமின்றிக் கையாலேயே பொருத்திவிடலாம். ஆனால் அது குழலோடு ஒட்டியதன்று. அதன்மேல் வழுக்கிச் சுழல்வது. கிரீஸ் வற்றினால் கிறீச்சிடும். நேர்ச்சுற்றில் சுழலுமேயன்றிக் கோணலாக வளைய விரும்பாது. கோணலாக வளைத்தே தீரவேண்டிய இடத்தில் அதை வைத்தால், கை இறுகிப்போய், சாலையின் குலுக்கலெல்லாம் நேரே இருக்கைக்கு ஏறிவரும்.

நண்பர் முதலில் வண்டி முழுவதற்கும் பாலியூரித்தேன் தொகுதி ஒன்றையே வாங்கக் கருதினார். விளம்பரத்தில் 'ஆயுட்கால உத்தரவாதம்' என்று கண்டிருந்தது. (உத்தரவாதம் புஷ்ஷுக்குத்தான், அமர்ந்திருப்பவரின் முதுகுக்கு எவரும் தருவதில்லை.) ரப்பரிலேயே நிற்க அவர் அஞ்சியதற்கும் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் வாங்கிய மலிவான ரப்பர் புஷ்கள் ஓராண்டுக்குள் பிதுங்கிவிட்டனவாம். தேநீர் கொண்டுவந்த அம்மையார் இதையெல்லாம் கேட்டிருந்துவிட்டு, "வளைவில் வண்டி எவ்வளவு கூர்மையாகத் திரும்பும் என்கிறீர்கள். நாம் இனி எந்த வளைவில் அவ்வளவு விரைந்து போகப் போகிறோம்?" என்று வினவினார். கொட்டகையில் சற்று நேரம் பேச்சில்லை. நம் கருத்தும் அவர் பக்கமே சாய்ந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பந்தய வீரருக்கு நன்மையான இறுக்கம் முதியவரை வீட்டிலேயே இருத்திவிடக் கூடும்.

ஆயினும் முழுவதும் ரப்பர் என்றும் முடிவு செய்யவில்லை. ஒவ்வோர் இணைப்பும் எவ்வாறு அசைகிறது என்று பார்த்தே தீர்மானித்தோம். முன்புறம் உடல் சாய்வதைத் தடுக்கும் தண்டின் புஷ்களுக்குப் பாலியூரித்தேன். அங்கே தண்டு நேர்ச்சுற்றில் மட்டும் முறுகுகிறது. வண்டி வளைவில் நிமிர்ந்து நிற்கும். நேர்ச்சாலையில் இருக்கைக்கு எட்டும் குலுக்கல் மிகக் குறைவு. பின்புறப் பட்டை ஸ்பிரிங்குகளின் முன்கண்ணில் ரப்பரேதான். ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது அச்சு சாய, பட்டையும் கோணலாக முறுகுகிறது. அங்கே விட்டுக்கொடுக்கும் பொருள் வேண்டும்.

வாதம் நீண்டது முன்புறக் கீழ்க்கைகளைப் பற்றியே. 1971-ஆம் ஆண்டு வண்டியில் கைக்கு இரண்டிரண்டாக எட்டு அரைப் புஷ்கள். எஃகுக் குழல் இல்லாத வெறும் ரப்பர். இவையே விரைவில் நசுங்குபவை. ஆனால் 1973 முதல் 1976 வரை வந்த எம்.ஜி.பி. ஜி.டி. வி8 என்னும் கனமான வண்டிக்கு, அதே கையில் அதே துளைக்குப் பொருந்துமாறு, எஃகுக் குழலோடு ஒட்டிய ரப்பர் புஷ்ஷைத் தொழிற்சாலையே அமைத்திருந்தது. நான்கு போதும். பழைய ரப்பரைவிட உறுதி, பாலியூரித்தேனைவிட மென்மை. விலையும் பெரிதன்று. பழைய எம்.ஜி.பி. வைத்திருப்போர் பலர் இவ்வழியையே நாடுவர். நண்பர் ஓர் இரவு யோசித்துவிட்டு இசைந்தார்.

பொருத்தும்போது ஒன்றை மறக்கலாகாது. ஒட்டிய ரப்பர் புஷ்ஷின் நட்டுகளை, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கையில் இறுக்கிவிட்டால், வண்டி தரையில் அமர்ந்தவுடனே ரப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும். சில மாதங்களில் கிழிந்துபோகும். ஆகவே வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை சக்கரத்தின்மேல் நின்ற பின்னரே நட்டுகளை முழுதும் இறுக்கி, பிளவு ஊசிகளைச் செருகினோம். பாலியூரித்தேனுக்கு இக்கவலை இல்லை. கூடவே தந்திருந்த கெட்டியான சிலிகோன் கிரீஸைத் தாராளமாகப் பூசினோம்.

ஒரு ஞாயிறு பிற்பகல் இருவரும் பர்ஃபோர்டு வரை, 20 மைலுக்குச் சற்று மேலான தொலைவு, சென்று வந்தார்கள். பிரேக்கை மிதித்தபோது வண்டி நேரே நின்றதாம். அம்மையார் இறங்குகையில் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். எனினும் பர்ஃபோர்டில் குடித்த தேநீர் ஆறியிருந்தது என்பதைத் தவிர வேறு குறை சொல்லவில்லை.

நாம் தாயகம் திரும்பிய பின்னர் நண்பர் ஒரு கடிதம் எழுதியிருந்தார். குளிர்காலத்துக்குப் பின் முன்புறத் தண்டின் புஷ்களில் மெல்லிய கிறீச்சொலி எழுந்ததாம். கழற்றிக் கிரீஸ் பூசியதும் நின்றுவிட்டதாம். வண்டியை விற்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.