ஒரிஜினல் எங்கே?

தொடர்கதைகளைக் கிழித்துத் தைப்பதில் என் அத்தைக்கு நிகராக ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதியில் யாரும் இருந்ததில்லை. விகடன் வீட்டில் எல்லார் கையையும் சுற்றிவிட்டுக் கடைசியில் அவளிடம் போகும். பின்னைக் கழற்றி, ‘தில்லானா மோகனாம்பாள்’ வந்த பக்கங்களை மட்டும் உருவி, கோணி ஊசியால் துளையிட்டு, ட்வைன் நூலால் தைப்பாள். மேலே பழைய காலண்டர் அட்டை. ஒட்டுவதற்கு மைதாப் பசை. பூச்சி வராமலிருக்க அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம்.

பத்து வயதில் அந்தத் தொகுப்பை நான் படித்தேன் என்றால் பொய். பார்த்தேன். கோபுலு போட்ட படங்களை, விரலால் தடவித் தடவி. “படத்தையே பாத்துண்டிருந்தா கதையை எப்படா படிப்பே?” என்பாள் அத்தை. அவளும் முதலில் படத்தைத்தான் பார்ப்பாள் என்பது எனக்குத் தெரியும்.

அந்த வீட்டில் இன்னொரு பைண்டும் இருந்தது. நாமக்கல்லில் பிறந்த சில்பி, கோயில் கோயிலாக உட்கார்ந்து விகடனுக்கு வரைந்த ‘தென்னாட்டுச் செல்வங்கள்’. எங்கள் கோயிலின் சேஷராயர் மண்டபத்துக் குதிரைகள் அதுவரை எனக்கு ஒளிந்து விளையாடத் தோதான தூண்கள், அவ்வளவுதான். கல்லில் செதுக்கிய சங்கிலியையும் சலங்கையையும் சில்பி எப்படி ஒன்றுவிடாமல் எண்ணி வரைகிறார் என்று பார்த்த பிறகு, ஒரு நாள் அங்கே போய் நின்றேன். முன்காலைத் தூக்கி நிற்கும் குதிரையின் வயிற்றடியில் இத்தனை ஆட்கள் இருக்கிறார்களா! கோயிலுக்குள்ளேயே வளர்ந்த பையனுக்குக் கோயிலைக் காட்ட, சென்னையில் அச்சான ஒரு தாள் வேண்டியிருந்தது.

அந்தத் தாள்களை எல்லாம் ‘வெறும் பத்திரிகைப் படம்’ என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். அசல், ஓவியர் வீட்டில் எங்கோ இருக்கும். நமக்கு வருவது நகல். இந்த எண்ணத்தோடுதான் சில வருஷங்களுக்கு முன் சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமிக்குள் நுழைந்தேன். சுவரில் ஒரு எட்சிங். வற்றிய ஆற்று மணல், நடுவில் ஒற்றைத் தண்ணீர்க் கீற்று. கீழே பென்சிலால் 7/25 என்று எழுதியிருந்தது. பக்கத்தில் நின்ற பெண்தான் அதைச் செய்தவர் என்று தெரியாமல், “இதோட ஒரிஜினல் எங்கேம்மா இருக்கு?” என்று கேட்டுவிட்டேன்.

“இதுதான் சார் ஒரிஜினல். இருபத்தஞ்சும் ஒரிஜினல்.”

பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் போடுவது. கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். மையைத் தேய்த்துப் பள்ளத்தில் இறக்கி, மேற்பரப்பைத் துணியால் துடைத்து, நனைத்த காகிதத்தோடு உருளைகளுக்கு நடுவே அழுத்தினால், காகிதம் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். ஒவ்வொரு முறையும் மை புதிதாகத் தேய்க்க வேண்டும். ஆகவே ஏழாவது தாளும் எட்டாவது தாளும் அச்சாக ஒன்றுபோல் இருக்காது. வலது இடதாக மாறி விழும் என்பதையும் முன்கூட்டியே யோசித்து வரைய வேண்டும்.

எனக்கு அத்தையின் பைண்ட் நினைவு வந்தது. அந்தக் கோட்டோவியங்களும் இதே அமிலத்தின் வேலைதானே. ஓவியர் இந்தியன் இங்கில் வரைந்ததைப் புகைப்படமெடுத்து, துத்தநாகத் தகட்டில் ஏற்றி, கோடு இல்லாத இடத்தை அமிலத்தால் அரித்து, மரக்கட்டையில் அறைந்து, ஈய எழுத்துகளோடு சேர்த்து அச்சேற்றினார்கள். எட்சிங்கில் கோடு பள்ளம். பத்திரிகை ப்ளாக்கில் கோடு மேடு. வாரத்துக்கு ஒரு பதிப்போவியம் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. எண் மட்டும்தான் போடவில்லை. அந்த பைண்டுகளை வீடு மாற்றியபோது பழைய பேப்பர்காரரின் தராசில் வைத்தவன் நான்தான். அத்தை அப்போது இல்லை.

ரயிலில் திரும்பும்போதுதான் உறைத்தது: ஸ்ரீரங்கத்துக்காரன் கேட்கிற கேள்வியா அது? மூலவர் பெரிய பெருமாள் சுதைத் திருமேனியாக உள்ளே சயனித்திருக்கிறார். வீதிக்கு வருகிறவர் நம்பெருமாள். வாகனத்தின் முன் கைகூப்பி நிற்கிற யாரும், ‘ஒரிஜினல் உள்ளே இருக்கிறார்’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்புவதில்லை. இந்த உவமையை அதிகம் இழுக்க எனக்கே பயம். தகடு மூலவரும் அல்ல. பதிப்பு முடிந்ததும் அதன் குறுக்கே கோடு கீறி, இனி அச்செடுக்க முடியாதபடி செய்துவிடுவார்கள்.

அதன் பிறகு பதிப்போவியங்களைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். சித்தூர் ஜில்லாவில் பிறந்து, கலாக்ஷேத்ராவில் சொல்லிக்கொடுத்து, பாரிசுக்குப் போன கிருஷ்ணா ரெட்டி, ஒரே தகட்டில் பல நிறங்களை ஏற்றும் முறையை அங்கே வளர்த்தெடுத்தவர்களில் ஒருவர். ஒரு மையில் எண்ணெய் கூடுதல், இன்னொன்றில் குறைவு. பதம் வேறானால் ஒன்றையொன்று ஒட்டவிடாது. பாகு காய்ச்சத் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். தேவகோட்டையில் 1957-ல் பிறந்த ஆர்.எம். பழனியப்பனின் அச்சுகளோ வேறு உலகம்: பறக்கிற பொருளின் பாதைபோல் ஒரு கோடு, அருகில் எண்கள். முதல் பார்வையில் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது பார்வையில் நகர முடியவில்லை.

எங்கள் ஊரும் அச்சுக்குப் புதிதல்ல. தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-ல் தெற்கே வந்து, காவிரியிலிருந்து மலைக்கோட்டையை வரைந்துகொண்டு போய், லண்டனில் அக்வாடிண்டாக அச்சிட்டார்கள். 144 படங்கள் கொண்ட அவர்களுடைய பெருந்தொகுப்பில் நம் பாறையும் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி ஓவியர்கள் காக்காப்பொன் தகட்டில் சேவகர், தொழிலாளர் உருவங்களை வரைந்து வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். ஒரே உருவம் திரும்பத் திரும்ப. அவற்றில் பலவற்றைப் பார்க்க இன்று லண்டன் அருங்காட்சியகங்களுக்குப் போக வேண்டும்.

ஆனால் என் மனசில் முதலிடம் துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூர்க்காரர் ஆதிமூலத்துக்குத்தான். 1938-ல் பிறந்தவர். காந்தி நூற்றாண்டையொட்டிக் கறுப்புக் கோட்டிலேயே காந்தியை மறுபடி மறுபடி வரைந்தார். கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் வந்தபோது, அதற்கு அவர் போட்ட கோடுகள் கருவேல முள்போலக் குத்தும். கதையில் இருப்பதையே படத்திலும் திருப்பிச் சொல்லும் வழக்கம் அவரிடம் கிடையாது. அந்த இதழ்கள் தெப்பக்குளம் பக்கம் பழைய புத்தகக் கட்டுகளில் இன்னும் கண்ணில் படுமா என்று நான் தேடாத நாளில்லை.

அந்த எட்சிங்கை ஓய்வூதியத்தில் இரண்டு தவணையாகப் பணம் கட்டி வாங்கிவிட்டேன். கூடத்தில், பெருமாள் படத்துக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கிறது. போன வாரம் பக்கத்து வீட்டு மாமா வந்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கி, கீழே பென்சில் எழுத்தைப் படித்தார்.

“ஏழின் கீழ் இருபத்தஞ்சு. என்னடா கணக்கு இது?”

சொன்னேன். இருபத்தைந்து தாள்தான் எடுத்தார்கள், இது ஏழாவது, தகட்டை அழித்துவிட்டார்கள் என்று. காபி ஆறும்வரை அந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

“அப்போ மத்த இருபத்துநாலும் யார் யார் ஆத்துலடா இருக்கு?”