காகிதத்தில் ஓடும் கார்

கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளையின் சம்பளத்துக்கு எப்போதும் இரண்டு கணக்கு உண்டு. தரகர் சொல்வது ஒன்று. பிடித்தமெல்லாம் போகக் கைக்கு வருவது மற்றொன்று. தரகர் பொய் சொல்வதில்லை. ஆனால் குடித்தனம் நடப்பது என்னவோ இரண்டாவது கணக்கில்தான். காரின் மைலேஜும் இப்படித்தான்.

என் காருக்கு விளம்பரத்தில் கண்டது லிட்டருக்கு 20 கிலோமீட்டர். டாங்கியை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மறுபடி நிரப்பிப் பார்க்கிறேன். சென்னையில் அது 14-ஐத் தாண்ட மறுக்கிறது. விற்றவரைக் கேட்டேன். "நீங்க ஓட்டற விதம் சார்" என்று பழியை என் வலது காலின்மேல் போட்டார்.

அந்த 20 பிறந்தது சாலையில் அல்ல, சோதனைக்கூடத்தில். உருளைகளின்மேல் காரை ஏற்றி, நின்ற இடத்திலேயே ஓடவிட்டார்கள். இருபது நிமிஷத்துக்குச் சற்றுக் குறைந்த ஓட்டம். உச்ச வேகம் 90 கிலோமீட்டர். வெளிவந்த புகையிலுள்ள கரியை அளந்து, எரிந்த பெட்ரோலைக் கணக்கிட்டார்கள். ஏர்கண்டிஷனர் அப்போது ஓடவில்லை. சித்திரை வெயிலில், அண்ணா சாலையில், அதை நிறுத்திவிட்டு ஓட்டும் வீரர் யாராவது உண்டா?

சோதனை வீண் என்று சொல்ல மாட்டேன். எல்லாக் கார்களும் ஒரே பரீட்சை எழுதினால்தானே எது சிக்கனம் என்று தெரியும்? ஒப்பிடுவதற்காக ஏற்பட்ட எண்ணை வாக்குறுதிபோல் விற்பதுதான் அநியாயம்.

அமெரிக்காவில் 1985-லேயே சோதனை எண்ணில் நகருக்கு 10 சதவீதமும் நெடுஞ்சாலைக்கு 22 சதவீதமும் கழித்தே சொல்லத் தொடங்கினார்கள். 2008-ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து ஏர்கண்டிஷனர், அதிவேகம், கடுங்குளிர் எல்லாம் கணக்கில் சேர்ந்தன. ஐரோப்பாவும் 2017-ல் கடுமையான புதுச் சோதனைக்கு மாறியது. அப்படியும், 2021-ல் பதிவான கார்களிலேயே பொருத்தியிருந்த அளவைக் கருவிகளின் கணக்கை ஐரோப்பிய ஆணையம் 2024-ல் வெளியிட்டபோது, பெட்ரோல், டீசல் கார்கள் சுமார் 20 சதவீதம் கூடுதலாகக் குடிப்பது அம்பலமாயிற்று.

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால், விளம்பரக் கணக்கில் 50 லிட்டர். என் கணக்கில் 71. லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 2,100 ரூபாய் துண்டு விழுகிறது. எங்கள் வீட்டில் அது பெண்ணின் பாட்டு வாத்தியார் சம்பளம். விளம்பரம் எழுதியவர் மாதக் கடைசியில் வந்து எங்கள் வீட்டுக் கணக்கைப் போடுவதில்லை. என் மனைவிதான் போடுகிறாள்.

ஆகவே, கார் வாங்கப் போகிறவர்கள் அச்சிட்ட எண்ணில் கால் பங்கையாவது கழித்துவிட்டு பட்ஜெட் போடுங்கள். ஏதாவது மிஞ்சினால் வாத்தியாருக்குச் சம்பளத்தை உயர்த்தலாம்.